கூறு போடாத குளம்

வங்காளத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் குளம் வெட்டினார்கள். பின்வாசலில் இருக்கும் அந்தக் குளங்களைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இன்று குறைந்துவருகிறார்கள். குளங்களும்தான்.

நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில் வங்காளிகளுக்கு வைசாகம் பிறக்கிறது. அந்த மாதம் முழுவதும் அந்த வீட்டு முற்றத்தில் சிறுமிகள் ஒரு குளத்தைப் பராமரிப்பார்கள். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம். நடுவில் ஒரு வில்வக் கிளை. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, அதில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, வேண்டிக்கொண்டு போக வேண்டும். 'புண்ணி புக்குர்' நோன்பு என்று பெயர். வங்காளப் பெண்களின் நோன்புகளைப் பற்றி 1919இல் 'பாங்லார் பிரதா' என்ற நூலை எழுதிய ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் இதையும் அதில் ஆராய்ந்திருக்கிறார். கோடையில் குளம் வற்றிவிடக் கூடாது என்பதுதான் நோன்பின் சாரம். ஐந்து வயதில் என் மகளும் அந்த முற்றத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போய்விடும். மறுநாள் மறுபடி ஊற்ற வேண்டும்.

நிஜக் குளம் வீட்டின் பின்புறம் இருந்தது. கொல்கத்தாவின் தெற்குப் புறநகர் ஒன்றில், ஒரு பழைய வீட்டின் பாதியில் நாங்கள் ஏழு ஆண்டுகள் குடியிருந்தோம். மொழிபெயர்ப்பு வேலைக்கு அமைதியான இடம் வேண்டும் என்று தேடிப் போனது. அமைதி கிடைக்கவில்லை. காலை ஐந்து மணிக்குக் கானாங்கோழியும், ஆறு மணிக்குப் பாத்திரம் துலக்கும் சத்தமும் தொடங்கிவிடும். ஆனால் மேஜைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே தண்ணீர். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிடிபடாமல் முரண்டு பிடிக்கும்போது அரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சொல் கிடைக்காவிட்டாலும் நேரம் வீணானதாகத் தோன்றாது.

வீட்டை ஆண்டது ஒரு பிஷிமா. அதாவது அப்பாவின் சகோதரி, நம் அத்தை. வீட்டு உரிமையாளர்களுக்கு அவர் அத்தை என்பதால் எங்களுக்கும், பால்காரருக்கும், தெருவுக்கே கூட அவர் பிஷிமாதான். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. குளத்தைத் தவிர வேறு எதிலும் அவருக்குப் பிடிவாதம் கிடையாது.

இந்த மாதிரிக் குளத்துக்கு வங்காளத்தில் 'கிட்கி புக்குர்' என்று பெயர். இந்தி தெரிந்தவர்கள் கிட்கி என்றால் ஜன்னல் என்பார்கள். இங்கே பின்வாசல் என்று பொருள். வீட்டுக்கு முன்னால் இருப்பது ஆண்களும் அயலாரும் புழங்கும் குளம். பின்வாசல் குளம் பெண்களுடையது. சுற்றிலும் வாழையும் பாக்கும் செம்பருத்தியும் வைத்து மறைத்திருப்பார்கள். வீட்டை விட்டு வெளியே போக அனுமதி இல்லாத காலத்தில் ஒரு பெண் வெட்டவெளியில் நிற்க முடிந்த ஒரே இடம் அந்தப் படித்துறை. ஊர் வம்பு முழுவதும் அங்கேதான் அலசப்பட்டது என்று பிஷிமா சிரித்துக்கொண்டே சொல்வார். புக்குர் என்ற சொல்லும் நம் கோயில் புஷ்கரணிக்குச் சொந்தம்தான். பொய்கை, கேணி, ஊருணி, குட்டை என்று இத்தனை சொற்கள் வைத்திருக்கும் நம் மொழியில் இந்தப் பின்வாசல் குளத்துக்கு மட்டும் சரியான ஒரு சொல்லை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 'கொல்லைக் குளம்' என்றுதான் எழுதிவருகிறேன்.

ஏன் வீட்டுக்கு வீடு குளம்? கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டலைக் கொட்டி உண்டாக்கிய பூமி அது. மேடு கிடையாது. மழைக்காலத்தில் வயலும் வழியும் ஒன்றாகிவிடும். வீடு கட்ட வேண்டுமானால் முதலில் தரையை உயர்த்த வேண்டும். அதற்கு மண் வேண்டும். மண்ணைத் தோண்டிய இடம் குளமாகிவிட்டது. வீட்டின் உயரமும் குளத்தின் ஆழமும் ஒரே மண்ணின் இரண்டு பக்கங்கள். பழமொழிகளாக விவசாய அறிவைச் சொல்லிவிட்டுப் போனவளாக வங்காளிகள் நம்பும் கனா என்ற பெண், வீட்டுக்குக் கிழக்கே வாத்து நீந்த வேண்டும், மேற்கே மூங்கில் நிற்க வேண்டும் என்று இடம் குறித்துக் கொடுத்திருக்கிறாள். கிழக்கே குளம் இருந்தால் காலை வெயில் தண்ணீரில் விழும். மேற்கே மூங்கில் இருந்தால் மாலை வெயில் வீட்டில் விழாது.

எண்ணிக்கையிலும் இது தெரிகிறது. மத்திய அரசு நடத்திய முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின் அறிக்கை 2023இல் வெளியானது. நாடு முழுவதும் எண்ணப்பட்ட 24,24,540 நீர்நிலைகளில் மேற்கு வங்கத்தில் மட்டும் 7.47 லட்சம். அதிலும் தெற்கு 24 பர்கானா என்ற ஒரே மாவட்டத்தில் 3.55 லட்சம். ஏரிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், குளங்களில் மேற்கு வங்கம். ஏரி ஊருடையது. மடை திறக்கவும் மராமத்து செய்யவும் ஊர் கூடியாக வேண்டும். வங்காளத்துக் கொல்லைக் குளம் ஒரு குடும்பத்துடையது. அதன் நன்மையும் தீமையும் இந்த ஒரு விஷயத்தில் அடக்கம்.

தாகூரின் குழந்தைப் பருவ நினைவுகளைப் படித்தவர்களுக்கு ஜோராசாங்கோ வீட்டு ஜன்னலுக்குக் கீழே இருந்த குளம் ஞாபகம் இருக்கும். வேலைக்காரன் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டுப் போக, சிறுவன் ரவீந்திரன் நாள் முழுவதும் அந்தக் குளத்தையும் கரையிலிருந்த ஆலமரத்தையும் குளிக்க வருகிறவர்களின் விதவிதமான பழக்கங்களையும் பார்த்துக்கொண்டிருப்பான். அவர் அந்த நினைவுகளை எழுதிய காலத்திலேயே மரமும் இல்லை, குளமும் இல்லை. 1955இல் வந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில், இறந்துபோன அக்கா திருடி ஒளித்து வைத்திருந்த மாலையை அப்பு குளத்தில் எறிகிறானே, அந்தக் காட்சியில் பாசி விலகி, மாலையை விழுங்கி, மெல்ல மூடிக்கொள்ளும். கொல்லைக் குளத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அது வெறும் சினிமா உத்தி அல்ல. கரண்டி, தோடு, சாவி, ஒரு முறை என் மூக்குக் கண்ணாடி என்று எதை விழுங்கினாலும் குளம் அப்படித்தான் மூடிக்கொள்ளும்.

குளத்தை வைத்திருப்பது சுலபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் நிரம்பும், மீன் விட்டால் வளரும். முதல் ஆவணி மாதத்திலேயே தெளிந்துவிட்டது. இரண்டு நாள் மேகமூட்டம், காற்றே இல்லாத புழுக்கம். மூன்றாம் நாள் விடிகாலையில் பிஷிமா கதவைத் தட்டினார். குளத்தின் மேல்மட்டம் முழுவதும் மீன்களின் வாய்கள். நூற்றுக்கணக்கில் திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் முதலில் அதை அழகான காட்சி என்று நினைத்தேன். மூச்சுத் திணறல் அது. பகலில் வெயில் இருந்தால் தண்ணீரிலுள்ள நுண்பாசி பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் அதே பாசியும் மீன்களும் அடிச் சேறும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். விடிவதற்குச் சற்று முன்புதான் கையிருப்பு மிகக் குறைவு. முந்தைய நாட்கள் மேகமூட்டமாக இருந்தால் கணக்கு கீழே போய்விடும். பிஷிமா ஆளுக்கொரு மூங்கில் கழியைக் கொடுத்து, கரை நெடுகத் தண்ணீரை அடிக்கச் சொன்னார். பம்ப்செட்டில் குளத்து நீரையே எடுத்துத் திரும்பக் குளத்தில் பீய்ச்சினோம். ஏழு மணிக்கு வெயில் வந்தது. வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அன்று நாலைந்து கட்லாவோடு தப்பித்தோம். கட்லா மேல்மட்டத்து மீன். சாவதிலும் அதற்குத்தான் முதலிடம்.

அதற்குப் பிறகு நான் அவருக்கு உதவியாள் ஆகிவிட்டேன். கற்றுக்கொண்டது நிறைய. தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருந்தால் குளத்தில் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்து மறைகிற நிலையில் இருந்தால் சரி. நன்றாகத் தெரிந்தால் சாணம் கரைத்து விட வேண்டும். மணிக்கட்டு வரை விடுவதற்குள் மறைந்துவிட்டால் பாசி மிதமிஞ்சிவிட்டது, எருவையும் தீனியையும் நிறுத்த வேண்டும். தீனி என்பது தவிடும் கடுகுப் பிண்ணாக்கும் சம அளவு. பிண்ணாக்கை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். சுண்ணாம்பு மறக்கக் கூடாது. ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ என்பது மீன் வளர்ப்புக் கையேடுகளின் கணக்கு. 5 கட்டா குளத்துக்கு அது ஏழெட்டு கிலோதான் வரும். (ஒரு கட்டா என்பது 720 சதுர அடி.) மாமரம், புளிய மரம் மாதிரி இலை கொட்டும் மரங்கள் தண்ணீர் மேல் கவியக் கூடாது. இலை அழுகும், அழுகல் பிராணவாயுவைத் தின்னும். தென்னை பரவாயில்லை. மட்டை விழுந்தால் இழுத்துப் போட்டுவிடலாம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பங்குனி, சித்திரையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அடிச் சேற்றை வெட்டி எடுக்க வேண்டும். அந்தச் சேறு வாழைக்கும் சேம்புக்கும் போகும். அந்த ஆண்டு வாழைத்தார் எப்படி இருந்தது என்பதை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆகாயத் தாமரை. பூ ஊதா நிறத்தில் மயிற்பீலிக் கண் மாதிரி அழகாக இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாரோ அந்த அழகுக்காகக் கொண்டுவந்தது. சில பத்தாண்டுகளில் வங்காளத்தின் ஆறு, வாய்க்கால், வயல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. 1936இல் அதை ஒழிக்க மாகாண அரசு தனிச் சட்டமே போட்டது. 1937 தேர்தலில் கட்சிகள் அதை ஒழிப்பதாக வாக்குறுதி அளித்தன. ஒரு களைக்கு எதிராகக் கட்சிகளெல்லாம் ஒன்றுபட்ட அதிசயம் அது. களை இன்னும் இருக்கிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் குளத்தின் ஒரு மூலை பச்சையாகியிருக்கும். பிஷிமாவின் விதி எளிமையானது: குளத்துக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் திரும்பும்போது கையில் ஒரு செடியோடு வர வேண்டும். விருந்தினருக்கும் விலக்கு இல்லை.

எல்லாம் களை இல்லை. கரையோரம் படர்ந்த கல்மி கீரையை முதன்முதலில் சாப்பிட்டபோது எங்கோ கேள்விப்பட்ட மாதிரி இருந்தது. அது நம் வள்ளைக்கீரை. சங்கப் பாட்டில் படித்து, உரையாசிரியர் சொன்ன 'ஒருவகை நீர்க்கொடி' என்ற அளவில் பரீட்சை எழுதி முதுகலைப் பட்டமும் வாங்கிவிட்டேன். அதைத் தட்டில் பார்க்கக் கொல்கத்தா வர வேண்டியிருந்தது. ரத்த சோகைக்கு என்று பிஷிமா சாறு பிழிந்து தரும் குலேகாரா, நம் நீர்முள்ளி. அல்லித் தண்டைக் கடுகு அரைத்துச் சமைப்பார்கள். ஒரு வேளைக் காய்கறிக்கு யாரும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

மீன் குஞ்சு விற்பவர் ஆடியில் வருவார். தோளில் மூங்கில், இரு பக்கமும் அலுமினியப் பானை. நடக்கும்போதும், நின்று பேரம் பேசும்போதும் பானைத் தண்ணீரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருப்பார். காற்றைத் தண்ணீருக்குள் அடிக்கும் வித்தை அது. தட்டுவதை நிறுத்தினால் குஞ்சுகள் செத்துவிடும். ஒரு காலத்தில் இந்தக் குஞ்சுகளை ஆற்றில்தான் அள்ளி வர வேண்டும். எது ரோகு, எது வேறு மீன் என்று வளர்ந்த பிறகுதான் தெரியும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இன மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். நாட்டின் மீன் வளர்ப்பு அந்த நாளிலிருந்து மாறியது. ஜூலை 10 இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். மேலே கட்லா, நடுவே ரோகு, அடியில் மிர்கால் என்று மூன்று மாடிக் குடித்தனம் வைக்கும் முறை வீட்டுக் குளங்களுக்கும் வந்தது. ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள். 5 கட்டாவில் 170 முதல் 330 வரை விடலாம்.

இதில் ஒரு கோணலும் நேர்ந்தது. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தைச் 'சுத்தம்' செய்யச் சொன்னார்கள். இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினால் ஏற்கெனவே இருக்கும் மீன்கள் எல்லாம் செத்து மிதக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு தீர்ந்து பிண்ணாக்கு எருவாகிவிடும். குஞ்சைத் தின்னும் விரால் போன்றவற்றுக்கு இது சரி. ஆனால் மௌரலா, புட்டி என்று விரல் நீளத்துக்கு மேல் வளராத பொடி மீன்களையும் 'களை மீன்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பெரிய ரோகுவைச் சந்தையில் விற்பார்கள். விற்காவிட்டால் நடுத்துண்டு வீட்டு ஆண்களுக்குப் போகும். பெண்களும் குழந்தைகளும் தின்றது தலையோடு முள்ளோடு பொரித்த இந்தப் பொடி மீனைத்தான். மௌரலாவில், குறிப்பாக அதன் தலையிலும் கண்ணிலும், வைட்டமின் 'ஏ' மிக அதிகம் என்பதைப் பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இப்போது அதே துறையினர் கெண்டையோடு மௌரலாவையும் சேர்த்து வளர்க்கச் சொல்கிறார்கள். பிஷிமா ஒருபோதும் இலுப்பைப் பிண்ணாக்கு வாங்கியதில்லை. விஞ்ஞானம் தெரிந்து அல்ல. பொரித்த மௌரலா அவருக்குப் பிடிக்கும்.

குளத்தைப் பற்றி இப்படியே எழுதிக்கொண்டு போனால் அது பொய்யாகிவிடும். வங்காளக் குளங்களுக்கு இருண்ட சரித்திரமும் உண்டு. 1883 இறுதியில் கொல்கத்தா வந்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், அடுத்த ஆண்டு, காலரா கண்டு இறந்தவர்களின் குடலில் பார்த்த கிருமியை அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் பார்த்தார். குளித்து, துவைத்து, அதையே குடித்த காலம். குளத்து நீரைக் குடிக்காதீர்கள் என்ற பிரசாரமும் குழாய்க் கிணறுகளும் பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றின என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1983இல், கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குத் தோல் நோயோடு வந்தவர்களைப் பரிசோதித்த மருத்துவர் கே.சி. சாஹா, காரணம் அவர்கள் குடித்த குழாய்க் கிணற்று நீரிலிருந்த ஆர்சனிக் என்று கண்டறிந்தார். மேலே இருந்த தண்ணீரில் கிருமி, கீழே இருந்த தண்ணீரில் நஞ்சு. அதற்காகத் திரும்பக் குளத்தைக் குடிக்க முடியாது. எங்கள் வீட்டில் குடிக்க வந்தது நகராட்சிக் குழாய்த் தண்ணீர். குளம் மற்ற எல்லாவற்றுக்கும்.

இன்னொன்று. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு முற்பகல், நான் மேஜையில் இருந்தேன், என் மனைவி அடுப்படியில். குழந்தை எங்களில் ஒருவரிடம் இருப்பதாக இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம். பாசி படிந்த மூன்றாவது படியில் நின்று வாத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை பிஷிமா பின்னாலிருந்து இடுப்போடு அள்ளினார். என் ஜன்னலிலிருந்து தண்ணீர் தெரியும், படித்துறை தெரியாது. சுந்தரவனப் பகுதியில் நடந்த ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான்: மூழ்கி இறக்கும் குழந்தைகளில் பெரும் பகுதி ஒன்று முதல் நான்கு வயதுக்குள். இடம், வீட்டுக்குச் சில அடி தூரத்தில் இருக்கும் சொந்தக் குளம். நேரம், தாய்க்கு வேலை அதிகமுள்ள பகல் பொழுது. பெரும்பாலும் சத்தமே கேட்பதில்லை. அன்று மாலையே மூங்கில் வெட்டிப் படித்துறைக்கு இடுப்பளவு வேலியும் உள்பக்கம் கொக்கி வைத்த படலும் போட்டோம். முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஏன் அதை முதல் நாளே செய்யவில்லை என்று இன்றும் சில இரவுகளில் தோன்றும். கொல்லையில் குளமோ, அலங்காரத் தொட்டியோ வைத்திருப்பவர்கள் மீனுக்கு முன் வேலியைப் பற்றி யோசியுங்கள்.

வேலி மற்ற விருந்தாளிகளைத் தடுக்கவில்லை. மீன்கொத்தி, நீர்க்காகம், உடும்பு, தண்ணீர்ப் பாம்பு எல்லோரும் பங்கு கேட்டு வந்தார்கள். முதல் பெருமழை இரவில் பனையேறிக் கெண்டை செவுளை ஊன்றிக் கரையேறி முற்றத்தில் நடந்து போகும். ஹவுரா மாவட்டத்துப் பக்கம் குளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பெரிய விருந்தாளி உண்டு. பாக்ரோல் எனப்படும் மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப் போல் இரு மடங்கு பெரியது, தண்ணீரில் குதித்து மீன் பிடிக்கும். மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு அதுதான். வாழ்விடமான நாணல் காடுகள் செங்கல் சூளையும் ஆலையுமாக மாற, அது வீட்டுக் குளங்களுக்கு வருகிறது. புலிக்குட்டி என்று பயந்தும், மீன் திருடி என்று கோபித்தும் அடித்துக் கொல்கிறார்கள். அதைக் கொல்வது வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கொசு வருமே என்பது நகரத்து நண்பர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. டெங்கு பரப்பும் கொசு தேங்காய்ச் சிரட்டையிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடும். மீன் நீந்தும் குளம் அதற்கு ஒத்துவராது. எங்கள் குளத்தில் 'தேசோக்கா' என்ற சிறு மீன் உண்டு. தலை உச்சியில் மின்னும் புள்ளியால் 'முக்கண்ணன்' என்று பெயர். கொசுப் புழு அதற்கு நொறுக்குத்தீனி. ஆனால் பராமரிக்காமல் விட்டு, குப்பை கொட்டி, ஆகாயத் தாமரை மூடிய குளத்தில் கொசு வரத்தான் செய்யும். கொசு வந்தால் அண்டை வீட்டார் புகார் செய்வார்கள். குளத்தை மூடினால் என்ன என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சட்டம் குளத்தின் பக்கம்தான். மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் 1984ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1993இல் வந்த திருத்தத்தின்படி, மீன் வளர்ப்புக்கு ஏற்ற, 5 கட்டாவோ அதற்கு மேலோ பரப்புள்ள நீர்நிலையை அனுமதியில்லாமல் வேறு காரியத்துக்கு மாற்ற முடியாது. ஆண்டில் ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் பள்ளமும் அதில் அடக்கம். 5 கட்டாவுக்குக் குறைவாகத் துண்டு போடுவதற்கும் தடை. நல்ல சட்டம். ஆனால் சட்டம் ஒரே இரவில் மீறப்படுவதில்லை. முதலில் களை எடுப்பது நிற்கும். பிறகு யாரோ குப்பை கொட்டுவார்கள். பழைய வீடு இடித்த கல்லும் காரையும் ஒரு மூலையில் வந்து விழும். ஐந்தாறு வருடத்தில், இது குளமா பள்ளமா என்று கேட்கும் நிலை வந்துவிடும். 'பர்ச்சா' எனப்படும் நில ஆவணத்தில் 'புக்குர்' என்று இருப்பது 'பாஸ்து', அதாவது வீட்டு மனை என்று மாற வேண்டும் என்பதற்காகவே பொறுமையாகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிஷிமாவின் குளத்துக்கு ஆவணப்படி 7 கட்டா. வாரிசுகள் 11 பேர். புனேயில் இருவர், அமெரிக்காவில் ஒருவர், மற்றவர்கள் கொல்கத்தாவில் ஆளுக்கொரு அடுக்ககத்தில். அவர்களில் நால்வர் விற்றுவிட வேண்டும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஒருவருக்கு மகளின் படிப்புச் செலவு, ஒருவருக்கு டயாலிசிஸ். புறநகரில் ஒரு கட்டா நிலம் என்ன விலை போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்கு விலை சொல்ல ஆளில்லை. ஒரு கட்டுமானக்காரர் வீட்டோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். குளத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று பிஷிமாவுக்குத் தெரியும்.

நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2020 மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் அடித்த பிறகு, போக்குவரத்து சீரானதும் போய்ப் பார்த்தேன். கரையிலிருந்த மரங்களில் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. இலையெல்லாம் அழுகி, தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. மீன் மிச்சமில்லை. சுந்தரவனத்தில் கடல் நீரே குளங்களுக்குள் புகுந்துவிட்டது. 2009இல் ஐலா புயலிலும் அப்படித்தான். உப்பு நீரை இறைத்துக் கொட்டி, மழைக்குக் காத்திருந்து, பழைய நிலைக்கு வர அவர்களுக்குப் பல பருவங்கள் ஆயின. இங்கே உப்பு இல்லை, அதுவரை அதிர்ஷ்டம். எழுபதைத் தாண்டிய பிஷிமா ஆட்களை வைத்து மரங்களை அறுத்து எடுத்தார். சுண்ணாம்பு போட்டார். அடுத்த ஆடிக்கு அலுமினியப் பானைக்காரர் வந்தார்.

மார்கழி, தை மாதத்தில் ஒரு நாள் வலை இழுப்பார்கள். ஆறேழு பேர் வலையின் இரு தலைப்பையும் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடந்து மறுகரையில் குவிப்பார்கள். வலை சுருங்கச் சுருங்கத் தண்ணீர் கொதிப்பது போலிருக்கும். முக்கால் கிலோவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மற்றவற்றை முற்றத்தில் வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். சரியாகப் பதினோரு கூறு. வலைக்காரர்களுக்குத் தனி. பெரிய மீன்களைத் துண்டு போட்டு எல்லாக் கூறிலும் சமமாக வைப்பார்கள். தலை மட்டும் சமமாகாது. ரோகு தலை போட்டுச் சமைக்கும் 'முடிகண்ட'வுக்கு உயிரை விடுகிறவர்கள் வங்காளிகள். யாருக்குத் தலை என்பதில் ஆண்டுதோறும் சண்டை நடக்கும். இந்த ஆண்டு யார் யாருக்குக் கொடுத்தோம் என்று பிஷிமா ஒரு பழைய பள்ளி வருகைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறார். அதே பதிவேட்டில் தேதி, மீன் எண்ணிக்கை, எடை, குஞ்சு வாங்கிய செலவு எல்லாம் உண்டு. இது மீன் வளரும் குளம்தான் என்று என்றாவது ஒரு அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டி வந்தால் காட்டுவதற்கு. முதல் பக்கம் 1994.

போன முறை வலை இழுத்த அன்று நானும் போயிருந்தேன். சால்ட் லேக்கில் இருக்கும் அண்ணன் மகனின் கூறை என்னிடம் கொடுத்தனுப்பினார். விற்கச் சொல்லும் நால்வரில் அவரும் ஒருவர். எட்டாவது மாடியில் கதவைத் திறந்தவர், பையை வாங்கிச் சமையலறை மேடையில் கொட்டி, ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்தார். மூன்று வருடமாகத் தன் கூறில் தலை வரவில்லை, பிஷிமாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.